கட்டைவிரல் வலி, இரவு மரப்பு, வெடித்த விரல்நுனி: முன்கண்ணாடி சிப் வேலை செய்பவருக்கு ஒரு பதில்

கடிதம் எழுதியவருக்கு வயது 31. கார்களின் முன்கண்ணாடியில் கல் தெறித்து விழும் சிப்புகளை, அதாவது சிறு குழிகளை, ரெசின் என்ற இறுகும் பிசின் ஏற்றிச் சரிசெய்யும் வேலையில் ஐந்து வருடமாக இருக்கிறார். கடை இன்னொருவருடையது. மாதச் சம்பளம் உண்டு, அதற்கு மேல் முடித்துக் கொடுக்கும் வண்டிக் கணக்குக்கு ஏற்பக் கொஞ்சம் தொகையும் உண்டு. நாளுக்கு ஏழெட்டு சிப்.

நான்கு மாதமாக வலது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டிச் சுருக்கென்று வலி. ரெசினைக் குழிக்குள் ஏற்றும் இன்ஜெக்டர் கருவியின் திருகைத் திருப்பும்போதும், இறுகிய மிச்சத்தைப் பிளேடால் சுரண்டும்போதும் அதிகம். ராத்திரி இரண்டு மூன்று மணிக்குக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய்த் தூக்கத்தைக் கலைக்கின்றன. கையை உதறினால் சரியாகிறது. இது போதாதென்று இரண்டு கைகளிலும் விரல்நுனித் தோல் காய்ந்து, வெடித்து, அரிக்கிறது. ஒருமுறை கண் இமைகள்கூடத் தடித்துச் சிவந்திருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் டிரில்லின் அதிர்வுதான் காரணம், வெடிப்புக்கு மட்டும் கண்ணாடித் தூள் என்பது அவர் முடிவு. கடையின் மூத்த டெக்னீஷியன், "கை காய்த்தால் சரியாகிவிடும்" என்கிறார். அதை நம்பித் தினமும் ராத்திரி ஸ்பிரிங் கிரிப்பரை நூறு தடவை அமுக்குகிறார். பகல் முழுக்க மணிக்கட்டில் எலாஸ்டிக் பேண்ட், காலையில் வேலைக்குக் கிளம்பும்முன் ஒரு வலி மாத்திரை. வேலை முடிந்ததும் கையில் ஒட்டிய ரெசினை அசிட்டோனால் துடைத்துக் கழுவுகிறார். இரண்டு மாதத்தில் மூன்று கண்ணாடிகளில், வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கிராக் நீண்டு ஓடிவிட்டது. முதலாளி திட்டவில்லை, ஆனால் முகம் மாறிவிட்டதாம். கை பலம் குறைந்துகொண்டே போகிறதா, ஊசி போட்டுக்கொள்ளலாமா, வேலையை விட்டுவிட வேண்டுமா, இதை முதலாளியிடம் சொன்னால் என்ன ஆகும் என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

கையைத் தொட்டுப் பார்க்காமல் நோயின் பெயரை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தில் வேண்டிய விவரம் நிறையவே இருக்கிறது. எந்த விரல், எந்த நேரம், எந்த வேலை என்று பிரித்து எழுதியிருக்கிறீர்கள். நேரில் வருகிறவர்களில் பாதிப் பேர் "கை வலிக்குது டாக்டர்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரு தொல்லை அல்ல, மூன்று. ஒரே நேரத்தில் வந்ததால் ஒன்றாகத் தெரிகின்றன. டிரில்லை முதலில் விடுவித்துவிடலாம். ஒரு சிப்புக்கு அதை எவ்வளவு நேரம் பிடிக்கிறீர்கள்? வெளிக் கண்ணாடியின் குழிவாயைச் சற்றுத் திறக்க, தொட்டுத் தொட்டு எடுத்தால் சில விநாடிகள். எல்லா சிப்புக்கும் அது தேவைப்படுவதும் இல்லை. அதிர்வால் கை கெடுவது பெரும்பாலும் கிரைண்டர், கல் உடைக்கும் இயந்திரம் போன்றவற்றை மணிக்கணக்கில், வருடக்கணக்கில் பிடிப்பவர்களுக்கு. அதன் முக்கியமான அடையாளம், குளிரில் விரல்கள் வெள்ளை வெளேரென்று வெளுப்பது. உங்கள் கடிதத்தில் அது இல்லை. நாள் முழுக்க உங்கள் விரலில் இருப்பது டிரில் இல்லை. திருகும் பிளேடும் ஊசி முனைக் குத்தூசியும்தான்.

கட்டைவிரல் அடியில் வலி

கட்டைவிரலை விரிக்கவும் நிமிர்த்தவும் உதவும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகலான உறைக்குள் புகுந்து போகின்றன. அந்த உறை தடித்துவிட்டால் நாண் ஒவ்வொரு முறை ஓடும்போதும் உரசும். சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வெய்ன் 1895இல் இதை விவரித்ததால் அவர் பெயராலேயே அழைக்கிறோம். உங்கள் வலி இருக்கும் இடமும் அதைக் கிளப்பும் அசைவும் இதற்குப் பொருந்துகின்றன. கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களுக்குள் மடக்கி, முஷ்டியை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் அந்த இடத்தில் வலி பளிச்சென்று தெரியும். ஒரே ஒரு முறை செய்து பாருங்கள், போதும். நல்ல கையிலும் இது கொஞ்சம் இழுக்கும் என்பதால் இரண்டு கைகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், குழந்தைக்கு எட்டு மாதம் ஆகிறது, தூக்கக்கூட முடியவில்லை என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். கட்டைவிரலை அகல விரித்து, அக்குளில் கைகொடுத்துக் குழந்தையைத் தூக்கும்போது வேலை செய்வதும் இதே இரண்டு நாண்கள்தான். கைக்குழந்தை உள்ள தாய்மாருக்கு இந்த வலி அதிகம் வரும். தூக்கும் தந்தைமாரையும் அது விடுவதில்லை. பகலில் இன்ஜெக்டர், மாலையில் பிள்ளை என்றால் அந்த நாணுக்கு ஓய்வு எப்போது? பிள்ளையைத் தூக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு கையை அதன் அடியிலும் மறு கையை முதுகிலும் கொடுத்து, உள்ளங்கை மேலே பார்த்தபடி அள்ளி எடுங்கள். கட்டைவிரல் விரியாமல், மற்ற விரல்களோடு ஒட்டியே இருக்கட்டும்.

எலாஸ்டிக் பேண்ட் இங்கே பெரிதாக உதவாது. அது மணிக்கட்டைச் சுற்றுகிறதே தவிர, கட்டைவிரலை நிறுத்துவதில்லை. மேலும் நாள் முழுக்க இறுக்கிக் கட்டியிருப்பது அடுத்துச் சொல்லப்போகும் நரம்பை நசுக்கவும் கூடும். வேண்டியது கட்டைவிரலையும் சேர்த்துத் தாங்கும் ஸ்பிளிண்ட், அதாவது அசையவிடாத விறைப்பான தாங்கி. அதை வேலை இல்லாத நேரத்தில் போடுங்கள். போட்டுக்கொண்டே வேலை செய்தால் அதை மீறித் திருப்ப இன்னும் பலமாக அழுத்துவீர்கள்.

ஊசியைப் பற்றிக் கேட்டீர்கள். இந்த உறைக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே கேட்கிறது. ஊசி போட்ட இடத்தில் தோல் கொஞ்சம் வெளுக்கலாம், அடிக்கொழுப்பு கரைந்து சிறு பள்ளம் விழலாம், சர்க்கரை நோய் இருந்தால் சில நாள் சர்க்கரை ஏறலாம். இவற்றைத் தெரிந்துகொண்டு போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஊசி போட்ட மறுநாளே அதே திருகை அதே பிடியில் எட்டு வண்டிக்குத் திருப்பினால், சில மாதத்தில் திரும்ப வந்து நிற்பீர்கள். ஊசிக்கும் கேட்காவிட்டால் உறையைப் பிளந்துவிடும் சிறிய அறுவைச் சிகிச்சை உண்டு. உங்களுக்கு அது இப்போது பேச வேண்டிய விஷயம் இல்லை.

ராத்திரி மரத்துப்போவது

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலின் பாதி. சுண்டுவிரல் மட்டும் தப்பித்துவிடும். இது மீடியன் நரம்பின் எல்லை. மணிக்கட்டின் உட்புறம் கார்பல் டனல் என்ற குகைபோன்ற பாதையில் ஒன்பது நாண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு போவது அந்த நரம்பு. தூக்கத்தில் மணிக்கட்டை மடக்கிக்கொண்டு படுத்தால் பாதை இன்னும் குறுகும். உதறினால் சரியாவதும் இதற்கே உரிய பழக்கம்.

ஸ்பிரிங் கிரிப்பரை இன்றைக்கே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நூறு தடவை அமுக்குவது என்பது, ஏற்கெனவே இடமில்லாத பாதைக்குள் ஒன்பது நாண்களையும் நூறு தடவை இழுப்பது. உங்கள் கைக்குக் குறைந்திருப்பது பலம் இல்லை.

இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் ஸ்பிளிண்டைத் தளர்வாகக் கட்டிக்கொண்டு படுங்கள். ஆறு வாரம் விடாமல் செய்தால் பலருக்கு ராத்திரித் தொல்லை கணிசமாகக் குறையும். மருத்துவரிடம் போகும்போது சர்க்கரையும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் இந்த மரப்பின் பின்னால் ஒளிந்திருக்கக்கூடியவை. மரப்பு பகலிலும் விடாமல் நீடித்தாலோ, கட்டைவிரலின் அடிச்சதை தட்டையாக வற்றினாலோ, சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறினாலோ தள்ளிப்போடாதீர்கள். நரம்பை ரொம்ப நாள் நசுங்க விட்டால் பிறகு பாதையைத் திறந்துவிட்டாலும் உணர்வு முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

இப்போது அந்த மூன்று கண்ணாடிகளுக்கு வருகிறேன். கை பலவீனமாகிவிட்டதால் கிராக் ஓடியது என்று பயப்படுகிறீர்கள். நான் எதிர்த்திசையில் சந்தேகப்படுகிறேன். விரல்நுனி சரியாக உணராதபோது மூளை என்ன செய்யும்? நழுவிவிடும் என்று பயந்து, தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கச் சொல்லும். கார்பல் டனல் தொல்லை உள்ளவர்கள் ஒரு கோப்பையைக்கூட வேண்டியதைவிட அழுத்திப் பிடிப்பார்கள். உங்களுக்கு அந்த இறுக்கம் போய்ச் சேரும் இடம் இன்ஜெக்டரின் முனை. அதற்குக் கீழே இருப்பது சுமார் 2 மி.மீ. கனமுள்ள வெளிக் கண்ணாடி. அதற்கடியில் முக்கால் மி.மீ. பிளாஸ்டிக் படலம், அதற்கும் கீழே உள்கண்ணாடி. உங்கள் வேலை முழுவதும் அந்த மேல் 2 மி.மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. இன்ஜெக்டரின் ரப்பர் வாய் கண்ணாடியில் படிந்து கசியாமல் நின்றால் போதும். அதற்கு மேல் திருகினால், இன்ஜெக்டரைக் கண்ணாடிமேல் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் என்ற சட்டத்தின் கால்கள் ஒரு பக்கமும் முனை மறுபக்கமுமாகக் கண்ணாடியை வளைக்கும். நட்சத்திரம்போல் பிரிந்த கிராக்கின் கால்கள், அதாவது அதன் கீற்றுகள், இறுகி மூடிக்கொண்டு ரெசினை உள்ளே விடாது, இல்லாவிட்டால் ஒரு கால் நீண்டு ஓடிவிடும். ரெசின் போகவில்லையே என்று நீங்கள் இன்னும் கொஞ்சம் திருகுவீர்கள். வெயிலில் சூடேறிய கண்ணாடி, ஓரத்துக்கு மிக அருகில் இருந்த கிராக் என்று வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனாலும் மரப்பு தொடங்கிய பிறகுதான் கண்ணாடிகள் ஓட ஆரம்பித்தன என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

காலையில் போடும் வலி மாத்திரை இதை இன்னும் கெடுக்கிறது. "போதும், விடு" என்று கை சொல்லும் ஒரே வழி வலி. அதை அணைத்துவிட்டு எட்டு மணி நேரம் வேலை செய்கிறீர்கள். தினமும் போட்டால் வயிற்றுப் புண், சிறுநீரகம், ரத்த அழுத்தம் என்று தனிக் கணக்கும் இருக்கிறது. மருத்துவர் சொன்ன சில நாட்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் சரி. வேலைக்கு முன்னால் கவசம் போல வேண்டாம்.

வெடிப்புக்குக் காரணம் கண்ணாடித் தூள் இல்லை

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். நீங்களோ இதைக் கடைசியில், போகிறபோக்கில் இரண்டே வரியில் எழுதியிருந்தீர்கள்.

கண்ணாடித் தூள் கீறும், குத்தும், கண்ணில் விழுந்தால் பெரிய தொல்லை தரும். ஆனால் அது இமையைத் தடிக்கச் செய்து, இரண்டு கைகளிலும் ரெசின் தொடும் அதே மூன்று விரல்களின் நுனியை மட்டும் பார்த்து வெடிக்கச் செய்யாது. சிப் ரெசின்கள் அக்ரிலேட் வகை. யுவி என்ற புற ஊதா ஒளி பட்டு முழுதாக இறுகிய பிறகு அவை பெரும்பாலும் சாது. இறுகாத திரவமாக இருக்கும்போது தோலில் ஒவ்வாமையைக் கிளப்புவதில் பேர்போனவை. பல் மருத்துவமனைகளில் வேலை செய்பவர்களும் ஜெல் நகப்பூச்சு போடுபவர்களும் இதே குடும்பத்து ரசாயனங்களால் இதே மாதிரி விரல்நுனிகளோடு வருவதுண்டு.

இந்த ஒவ்வாமை உடனே வராது. தொட்டு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் அரிப்பும் வெடிப்பும் தலைகாட்டும். அதனால் காரணம் கண்ணில் படுவதில்லை. திங்கட்கிழமை சிந்திய ரெசினுக்குப் புதன்கிழமை விரல் வெடித்தால், புதன்கிழமை தொட்ட தூளைத்தான் குறை சொல்வோம். உடல் ஒருமுறை இதை எதிரியாகப் பதிந்துகொண்டால் அநேகமாக வாழ்நாள் முழுக்க மறக்காது. பல் அடைப்புப் பொருள், உடலில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை அளவு சென்சார்களின் பசை, எலும்பு மூட்டு அறுவையில் பயன்படும் சிமெண்ட் ஆகியவற்றிலும் இந்தக் குடும்பத்துச் சொந்தக்காரர்கள் உண்டு. அதனால்தான் கட்டைவிரலைவிட இதற்கு முதலில் மருத்துவரைப் பாருங்கள் என்கிறேன். தோல் மருத்துவர் சந்தேகமான ரசாயனங்களைச் சிறு பட்டைகளில் வைத்து முதுகில் ஒட்டி (இதுதான் பேட்ச் டெஸ்ட்), இரண்டு நாள் கழித்து ஒருமுறையும் அதற்கு ஒன்றிரண்டு நாள் கழித்து இன்னொரு முறையும் பார்த்துச் சொல்வார். ஒவ்வாமை இல்லை, வெறும் எரிச்சல்தான் என்று வந்தால் மிகவும் நல்லது.

அந்த முடிவு வருவதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கையில் அசிட்டோன் படக்கூடாது. அது தோலின் எண்ணெய்ப் படலத்தைக் கரைத்து எடுத்துவிடுகிறது. காவல் போன அந்தத் தோலில் அடுத்த சொட்டு ரெசின் சுலபமாக இறங்கும். சுத்தம் செய்வதாக நினைத்துக் கதவைத் திறந்து வைக்கிறீர்கள். கையில் ரெசின் பட்டால் உலர்ந்த டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பிறகு சோப்பும் தண்ணீரும். அப்புறம் வாசனையில்லாத, கெட்டியான மாய்ஸ்சரைசர்.

"கையுறை போடுகிறேனே" என்றும் எழுதியிருக்கிறீர்கள். லேட்டக்ஸ் கையுறை அக்ரிலேட்டுக்கு எதிரே கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மெல்லிய நைட்ரைல் கையுறையையும் இந்த ரசாயனங்களில் பல சில நிமிடங்களில் கடந்துவிடும். அசிட்டோனும் அப்படியே. ஆகவே ஒரே ஜோடியை மதியம்வரை போட்டிருப்பது, ரெசினை விரலோடு சேர்த்துக் கட்டிவைப்பதற்குச் சமம். நைட்ரைலை இரண்டு அடுக்காகப் போடுங்கள். ரெசின் பட்டால் வெளியடுக்கை உடனே கழற்றுங்கள். பட்டாலும் படாவிட்டாலும் ஒவ்வொரு வண்டிக்கும் புதிது. பல அடுக்கு பிளாஸ்டிக் படலத்தாலான கையுறைகள் மிக நன்றாகத் தடுக்கும், ஆனால் தொளதொளவென்று இருப்பதால் நுணுக்கமான வேலைக்கு ஆகாது. இன்ஜெக்டரின் உருளையைப் பிரித்துக் கழுவும் நேரத்துக்கு மட்டும் அதைப் போடுங்கள். நாளிலேயே அதிகமாக ரெசின் படுவது அந்தப் பத்து நிமிடத்தில்தான். பிளேடால் சுரண்டும்போது வரும் சீவலையும் விரலால் துடைக்காதீர்கள். அது பாதி இறுகியதாகவும் இருக்கலாம். இமை தடித்தது அந்த விரலால் கண்ணைத் தேய்த்த நாளாக இருக்கும்.

கருவிகளிடம் விட வேண்டிய வேலை

நுனி விரல்களால் கிள்ளிப் பிடிக்கும்போது நமக்கு இருக்கும் பலம், முழுக் கையால் பிடிக்கும் பலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். அந்தக் கிள்ளல் கட்டைவிரலின் அடி மூட்டில் பத்து மடங்குக்கும் மேலாகப் பெருகி இறங்குகிறது. நுனியில் ஒரு கிலோ அழுத்தினால் அடியில் பத்துக் கிலோவுக்கு மேல். ஆகவே நீங்கள் குறைக்கும் ஒவ்வொரு சின்னக் கிள்ளலும் பெரிய லாபம்.

உங்கள் இன்ஜெக்டரின் திருகுத் தலை சிறியது, சொரசொரப்பும் தேய்ந்துவிட்டது என்கிறீர்கள். அதன்மேல் இறுக்கமாக உட்காரும் ரப்பர் அல்லது சிலிக்கான் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகுங்கள். தலையின் விட்டம் இரண்டு மடங்கானால் அதே திருப்பத்துக்கு விரல் கொடுக்க வேண்டிய விசை பாதியாகிவிடும். ஆனால் ஜாக்கிரதை, இனி தெரியாமலே அதிகம் இறுக்கிவிடுவதும் சுலபம். அதனால் திருகுக்கு இரண்டு விரல் மட்டும். மூன்றாவது விரல் தேவைப்படுகிறது என்றால் அங்கே நிறுத்துங்கள். திருகின் புரிகளில் காய்ந்த ரெசின் இருந்தால் அதுவே பாதி எதிர்ப்பு. மரப்பு தீரும்வரை விரலின் உணர்வை நம்பாமல் கண்ணை நம்புங்கள். திருகுத் தலையில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, ரப்பர் வாய் கண்ணாடியைத் தொட்ட இடத்திலிருந்து எத்தனை சுற்று போகிறீர்கள் என்று எண்ணுங்கள்.

இன்னொன்று உங்கள் கடிதத்திலிருந்தே. வலது கை திருகும்போது பிரிட்ஜ் நகராமல் இடது கை அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தீர்கள். ஏன் பிடிக்க வேண்டும்? பிடித்து நிற்கத்தானே அதற்கு சக்ஷன் கப் இருக்கிறது! ரப்பர் காய்ந்து விறைத்திருக்கும், இல்லாவிட்டால் கண்ணாடியில் மெழுகுப் பூச்சு இருக்கும். கப்பைத் துடைத்து, பழசானால் மாற்றிவிட்டால் உங்கள் இடது கைக்கு நாளெல்லாம் விடுமுறை.

குத்தூசியின் கைப்பிடி மெல்லிய கம்பி போல இருந்தால் விரல் அதைச் சுற்றி மடங்கிப் பூட்டிக்கொள்ளும். நுணுக்கமான வேலைக்கான கைப்பிடி 6 முதல் 13 மி.மீ. விட்டம் இருப்பது நல்லது. நீங்கள் டேப் சுற்றியது சரியான யோசனை. இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள், ரெசின் ஊறிப் பிசுபிசுத்தால் மாற்றுங்கள்.

பிளேடு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மழுங்கிய பிளேடுதான் கையை அழுத்த வைக்கும், அழுத்தும் கைதான் வழுக்கி வெட்டிக்கொள்ளும். வெறும் பிளேடைக் கிள்ளிப் பிடிப்பதை விட்டு, அதை ஒரு ஹோல்டரில் மாட்டுங்கள். கண்ணாடிக்குச் செங்குத்தாக நிறுத்தி, மேலாகப் பலமுறை சீவினால் போதும். ஒரே இழுப்பில் மழித்துவிட நினைத்தால் குழியில் நிரப்பிய ரெசினும் சேர்ந்து பெயரும், மறுபடி நிரப்ப வேண்டிவரும். அப்போது மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். சாய்ந்தால் அது நான் முன்பு சொன்ன முஷ்டிச் சோதனையின் அதே நிலை, நாளுக்கு எட்டு வண்டிக்கு. பானெட்டின் மேல் எட்டிக் குனிந்து செய்வதால்தான் அப்படிச் சாய்கிறது. சிப் நடுக்கோட்டைத் தாண்டி இருந்தால் வண்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். உயரம் போதாவிட்டால் ஒரு உறுதியான படிமேடையைப் போட்டு ஏறுங்கள். நின்ற இடத்திலிருந்தே எட்டிவிடும் சோம்பல் எல்லோருக்கும் உண்டு. நான்கூட இப்படித்தான் மேஜையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவரின் கையை எட்டிப் பிடித்துப் பரிசோதித்து, தோள்வலியை வாங்கிக்கொண்டேன்.

நட்சத்திரக் கிராக்கின் கால்களைத் திறக்க, வண்டிக்கு உள்ளிருந்து கட்டைவிரலைப் பின்னால் வளைத்து அழுத்துவதையும் விட்டுவிடுங்கள். மடக்கிய விரல்களின் முதுகால் அழுத்துங்கள், அதுவும் மெல்ல. யுவி விளக்கு எரியும் நிமிடங்கள் உங்கள் கைக்கான இடைவேளை. அந்த நேரத்தில் அடுத்த வண்டியின் குழியைக் கிளறப் போகாமல் கையைத் தொங்கவிட்டு நில்லுங்கள். விளக்கை மட்டும் நேராகப் பார்க்காதீர்கள்.

முதலாளியிடம் சொல்வது

பயப்படுகிறீர்கள், புரிகிறது. ஆனால் சொல்லாமல் இருந்தால், நாலாவது கண்ணாடி ஓடும் நாளில் "கவனமில்லாத ஆள்" என்ற பெயர்தான் மிஞ்சும். "எனக்கு உடம்பு முடியவில்லை" என்று ஆரம்பிக்க வேண்டாம்; "இன்ஜெக்டரின் திருகும் சக்ஷன் கப்பும் தேய்ந்துவிட்டன, அதனால் கண்ணாடி ஓடுகிறது, என் கையும் பாதிக்கிறது" என்று ஆரம்பியுங்கள். ஒரு முன்கண்ணாடியின் விலைக்கு முன்னால் சில ரப்பர் கப்புகளும் ஒரு பெட்டிக் கையுறையும் ஒன்றுமே இல்லை என்பது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

ரெசினின் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேளுங்கள். நீங்கள் கையாளும் ரசாயனம் எது என்று தெரிந்துகொள்வது சலுகை இல்லை, உங்கள் உரிமை. ரெசின் தயாரிப்பாளர் கொடுக்கும் அந்தத் தாளில் 16 பகுதிகள் இருக்கும். இரண்டாவது பகுதியில் எச்317 (H317) என்ற குறியீடு இருந்தால், தோலில் ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று தயாரிப்பாளரே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று பொருள். எட்டாவது பகுதியில் எந்தக் கையுறை என்று சொல்லியிருப்பார்கள். நீங்கள் சொல்வதைவிட அந்தத் தாள் சொல்வது எடுபடும்.

பேசிய பிறகு தேதியோடு ஒரு செய்தியாகவும் அனுப்பி வையுங்கள். வேலையால் வந்த பாதிப்பு என்று பின்னால் ஈட்டுத்தொகையோ மருத்துவச் செலவோ கேட்க நேர்ந்தால், எப்போது சொன்னீர்கள், மருத்துவர் எப்போது எழுதினார் என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதற்கான சட்டமும் காலக்கெடுவும் இடத்துக்கு இடம் மாறும், அதை ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டிக் கணக்குக்குக் கிடைக்கும் தொகை ஆறு வாரத்துக்குக் கொஞ்சம் குறையும். நாளுக்கு ஏழெட்டை நாலைந்தாக்கி, மீதி நேரத்துக்கு வண்டியைப் பார்த்துச் சொல்வது, பாலிஷ், ரசீது போன்ற வேலைகளைக் கேட்டுப் பாருங்கள். பாலிஷையும் கட்டைவிரலால் தேய்க்காமல் உள்ளங்கைப் பேடால் செய்யுங்கள்.

வேலையை விடுவதா?

கட்டைவிரலுக்காகவும் ராத்திரி மரப்புக்காகவும் என்றால், இப்போது வேண்டாம். இரண்டும் சரியாகக்கூடியவை, நான்கு மாதம் என்பது முற்றிய நிலை இல்லை. உங்கள் சீனியர் சொன்னதுபோலத் தோல் காய்க்கும், ஆனால் நாணும் நரம்பும் காய்ப்பதில்லை. அவர் கை தாங்கியது என்பதால் உங்கள் கை பொய் சொல்கிறது என்று ஆகிவிடாது.

தோலுக்காக என்றால் என் பதில் பேட்ச் டெஸ்டைப் பொறுத்தது. அக்ரிலேட் ஒவ்வாமை உறுதியானால், ரெசின் கொஞ்சமும் தோலில் படாத முறைக்கு மாறி மூன்று மாதம் பாருங்கள். விரல்நுனி ஆறிவிட்டால் தொடரலாம். அத்தனை கவனத்துக்குப் பிறகும் வெடித்துக்கொண்டே இருந்தால், ரெசின் தொடும் பகுதியை மட்டும் விடுவதைப் பற்றி யோசியுங்கள். முழுக் கண்ணாடி மாற்றுவது, சேதத்தைப் பார்த்து இது ரிப்பேரா மாற்றலா என்று முடிவு சொல்வது, புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது என்று ஐந்து வருட அனுபவத்துக்கு அதே கூரையின் கீழ் வேறு நாற்காலிகள் உண்டு. கண்ணாடி மாற்றும்போது பயன்படும் பசைகளுக்கும் அவற்றின் ரசாயனம் இருக்கிறது, அந்தத் தாளையும் வாங்கிப் படித்துவிட்டுப் போங்கள்.

தோல் மருத்துவரையும் கை மருத்துவரையும் பார்க்கப் போகும்போது மூன்று பொருட்களை எடுத்துப் போங்கள்: ரெசினின் தகவல் தாள், வெடிப்பு மோசமாக இருந்த நாளில் எடுத்த விரல்நுனிப் படங்கள், நன்றாகக் கழுவிய அந்த இன்ஜெக்டர். வலி எங்கே என்று வாயால் சொல்வதைவிட, அதைக் கையில் எடுத்துத் திருப்பிக் காட்டுங்கள்.